செல்போனே ரிமோட் ஆகுமா? டிவி, ஏசி, மின்விசிறி: எதற்கு எது பொருந்தும்?

புதுடெல்லி: டிவிக்கு ஒன்று, செட்-டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, அண்மைக்காலமாக மின்விசிறிக்கும் ஒன்று என இந்தியக் குடும்பங்களில் ரிமோட்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே செல்கிறது. அவற்றுள் ஒன்று சோபாவின் இடுக்கில் மறைந்துவிட்டாலோ, கீழே விழுந்து பழுதாகிவிட்டாலோ, நன்றாக இயங்கும் கருவியும் பயனற்றுப் போகிறது. கோடை இரவில் ஏசியின் ரிமோட் தொலைந்த வீட்டாருக்கு இந்தச் சங்கடம் நன்கு தெரியும்.

இத்தகைய வேளையில் பலரும் உடனடியாக நாடுவது செல்போனை. செயலி அங்காடியில் 'ரிமோட்' என்று தேடினால் எண்ணற்ற செயலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. "எல்லாக் கருவிகளையும் இயக்கலாம்" என்றே அவை யாவும் கூறுகின்றன. ஆனால், பதிவிறக்கிய பின்னர் பல செல்போன்களில் விளம்பரங்கள் மட்டுமே தோன்றுகின்றன, டிவி அசைவதில்லை.

இதற்குக் காரணம் எளிது. ஒவ்வொரு கருவியும் ஒரு குறிப்பிட்ட வகைச் சமிக்ஞைக்கு மட்டுமே செவிசாய்க்கும். சில அகச்சிவப்பு ஒளிக்கும், சில வைஃபைக்கும், சில ப்ளூடூத்துக்கும், வேறு சில வானொலி அலைக்கும் பணிகின்றன. அந்தச் சமிக்ஞையை அனுப்பும் உறுப்பு செல்போனில் இருந்தால் மட்டுமே அது ரிமோட்டாகச் செயல்படும். எனவே, எந்தச் செயலி சிறந்தது என்று தேடுவதற்கு முன்னர், வீட்டிலுள்ள கருவி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிவதே முதற்படி.

ஒரு நிமிடச் சோதனை

பழைய ரிமோட் கையில் இருந்தால், அதன் வகையை அறியச் செல்போனின் கேமராவே போதும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் ஊதா அல்லது வெண்மை நிறத்தில் ஒளி மினுக்கினால், அது அகச்சிவப்பு ரிமோட். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத இந்த ஒளியைக் கேமராவின் உணரி ஓரளவு பதிவு செய்துவிடும். பின்புறக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால், முன்புற செல்ஃபி கேமராவிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்மார்ட் டிவிகளுக்கும் டிவியில் செருகும் ஸ்டிக் வகைக் கருவிகளுக்கும் வரும் ரிமோட்டுகள் பெரும்பாலும் இருவகைச் சமிக்ஞைகளையும் பயன்படுத்துகின்றன. டிவியை அணைக்கவும் ஒலியளவைக் கூட்டவும் அகச்சிவப்பு; திரையில் மேலும் கீழும் நகரவும் குரல்வழித் தேடலுக்கும் ப்ளூடூத். ஆகவே, பவர் பொத்தானை மட்டும் அழுத்திப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. திசைப் பொத்தான்களையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

எந்தப் பொத்தானை அழுத்தியும் ஒளி தெரியவில்லை என்றால், பேட்டரி தீர்ந்திருக்கலாம். அல்லது அது ப்ளூடூத் அல்லது வானொலி அலை ரிமோட்டாக இருக்கலாம். பேட்டரியை மாற்றியவுடன் ரிமோட் உயிர்பெற்றால், செயலியைத் தேடும் வேலையே மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியின் மொழி

டிவி ரிமோட்டுகள் தொடக்கத்திலிருந்தே அகச்சிவப்பில் இயங்கியவை அல்ல. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1955-ல் அறிமுகப்படுத்திய 'ஃபிளாஷ்-மேட்டிக்' என்ற கம்பியில்லா ரிமோட், டார்ச் விளக்கைப் போல ஒளியைப் பாய்ச்சி டிவியை இயக்கியது. சூரிய ஒளி பட்டாலும் டிவி தானாக இயங்கியது அதன் குறை. மறு ஆண்டே அந்நிறுவனம் மீயொலியில் இயங்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தது. பின்னர் 1980-களில் அகச்சிவப்பு ரிமோட்டுகள் பரவலாயின.

இன்றைய அகச்சிவப்பு ரிமோட்டின் முனையில் உள்ள சிறு எல்இடி, பொதுவாக 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளி, பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்கு சுமார் 38,000 முறை விட்டுவிட்டு ஒளிர்கிறது. அறையிலுள்ள விளக்கொளி, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து ரிமோட்டின் சமிக்ஞையைப் பிரித்தறிய இந்தத் துடிப்பே கருவிக்கு உதவுகிறது. துடிப்புகளுக்கு இடையே விடப்படும் இடைவெளிகளின் நீளத்தைக் கொண்டு 0, 1 என்ற எண்கள் அனுப்பப்படுகின்றன. பரவலாகப் பயன்படும் என்இசி முறையில், முதலில் 9 மில்லி நொடி நீளும் ஒளித்துடிப்பும், பின்னர் 4.5 மில்லி நொடி இடைவெளியும் வரும். அதன் பின்னர் கருவியின் முகவரியும் கட்டளையும் அடங்கிய 32 எண்கள் தொடரும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தக் குறியீடுகள் மாறுபடுகின்றன. ஒரு நிறுவனத்தின் டிவி ரிமோட் மற்றொரு நிறுவனத்தின் டிவியை இயக்காததற்கு இதுவே காரணம். 'யுனிவர்சல் ரிமோட்' எனப்படுவது, பல நிறுவனங்களின் குறியீடுகளைத் தன் நினைவகத்தில் தொகுத்து வைத்திருக்கும் ரிமோட்தான். ரிமோட் செயலிகளும் அதே பணியைச் செய்கின்றன.

எந்த செல்போன்களில் இந்த வசதி உள்ளது?

அகச்சிவப்பு ஒளியை உமிழும் உறுப்பு 'ஐஆர் பிளாஸ்டர்' எனப்படுகிறது. 2013-ல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்4, எச்டிசி ஒன் ஆகிய செல்போன்களில் இது இடம்பெற்றிருந்தது. அதே ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில், அகச்சிவப்பு உறுப்பைச் செயலிகள் பயன்படுத்துவதற்கான பொதுவான வழியைக் கூகுள் ஏற்படுத்தியது. ஆயினும் சாம்சங் 2016-ல் கேலக்ஸி எஸ்7 செல்போனில் இதைக் கைவிட்டது. ஆப்பிளின் ஐபோன்களில் இந்த உறுப்பு எக்காலத்திலும் இடம்பெறவில்லை.

இந்தியச் சந்தையில் சியோமி, ரெட்மி, போகோ ஆகிய பெயர்களில் வரும் பல செல்போன்களில் இந்த வசதி தொடர்கிறது. ஒன்பிளஸ் 12, ஒன்பிளஸ் 13 ஆகியவற்றிலும் உண்டு. ஒரே வரிசையில் வரும் இரு செல்போன்களில் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமலும் போகலாம் என்பதால், நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பார்ப்பதே உறுதியான வழி. செல்போனின் மேல்விளிம்பில் கரிய நிறத்தில் சிறு வட்டமாகவோ, பளபளப்பான சிறு சாளரமாகவோ இது காணப்படும்.

ஐஆர் பிளாஸ்டர் இல்லாத செல்போனில் எந்தச் செயலியை நிறுவினாலும் அது அகச்சிவப்பை உமிழாது. இல்லாத உறுப்பை மென்பொருளால் உருவாக்க இயலாது. அத்தகைய செல்போன்களுக்கெனச் சார்ஜ் செய்யும் துளையில் செருகும் சிறிய அகச்சிவப்புக் கருவிகள் விற்கப்படுகின்றன. எனினும், அவை குறிப்பிட்ட சில செயலிகளுடன் மட்டுமே இயங்கும் என்பதை வாங்கும் முன்னர் கவனிக்க வேண்டும்.

அமைப்பது எப்படி?

ஐஆர் பிளாஸ்டர் உள்ள செல்போன்களில் பெரும்பாலும் நிறுவனமே ரிமோட் செயலியை இணைத்துத் தருகிறது. அதில் கருவியின் வகையையும் நிறுவனத்தின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலி ஒவ்வொரு குறியீடாக அனுப்பி, "கருவி இயங்கியதா?" என்று கேட்கும். இயங்கும் குறியீடு கிடைத்தவுடன், ஒலியளவு, சேனல் மாற்றம், மெனு ஆகிய பொத்தான்களையும் சோதித்த பின்னரே சேமிக்க வேண்டும். பவர் பொத்தான் மட்டும் பொருந்தி, மற்றவை பொருந்தாமல் போவது உண்டு.

பட்டியலில் பெயர் இல்லாத உள்ளூர் தயாரிப்பு டிவிகளுக்கு, வேறு நிறுவனங்களின் குறியீடுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். பல சிறு நிறுவனங்கள் ஒரே வகை மின்சுற்றுப் பலகையைப் பயன்படுத்துவதால், ஏதேனும் ஒன்று பொருந்த வாய்ப்புண்டு. பழைய ரிமோட்டின் குறியீட்டைச் செல்போன் தானாகக் கற்றுக்கொள்ளுமா என்றால், பெரும்பாலும் இயலாது. அதற்கு அகச்சிவப்பை உமிழும் உறுப்புடன் அதைப் பெறும் உறுப்பும் தேவை. இன்றைய செல்போன்களில் பொதுவாக உமிழும் உறுப்பு மட்டுமே உள்ளது. இதற்கு மாறாக, டிடிஎச் நிறுவனங்கள் தரும் செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் சிலவற்றில், டிவி ரிமோட்டை எதிரெதிராக வைத்துக் கற்பிக்கும் வசதி உண்டு. டிவி ரிமோட் நல்ல நிலையில் இருக்கும்போதே இதைச் செய்து வைத்தால், பின்னர் அது தொலைந்தாலும் கவலையில்லை.

ஸ்மார்ட் டிவிக்கு வேறு வழி

ஸ்மார்ட் டிவி வைத்திருப்பவர்களுக்கு ஐஆர் பிளாஸ்டர் தேவையில்லை. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி ஆகியவற்றுக்குக் கூகுள் டிவி செயலியும், அமேசான் ஃபயர் டிவிக்கு அதன் பெயரிலேயே உள்ள செயலியும், சாம்சங் டிவிகளுக்கு ஸ்மார்ட்திங்ஸ் செயலியும், எல்ஜி டிவிகளுக்குத் தின்க்யூ செயலியும் உள்ளன. ஆப்பிள் டிவி கருவியை ஐபோனின் கண்ட்ரோல் சென்டரிலிருந்தே இயக்கலாம். இவை வைஃபை வழியாகச் செயல்படுவதால் ஐபோன் உட்பட எல்லா ஸ்மார்ட்போன்களுக்கும் பொருந்தும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, செல்போனும் டிவியும் ஒரே வைஃபை வலையமைப்பில் இருக்க வேண்டும். செல்போன் மொபைல் டேட்டாவில் இருந்தால் டிவி அதன் கண்ணில் படாது. விடுதிகளிலும் அலுவலகங்களிலும் ஒரே வைஃபையில் இருந்தாலும், ஒரு கருவி மற்றொன்றைக் காணாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். அங்கும் இது இயங்காது. இரண்டாவது, முதன்முறை இணைக்கும்போது டிவி திரையில் தோன்றும் குறியீட்டைச் செல்போனில் உள்ளிட வேண்டும். அண்டை வீட்டார் விளையாட்டாக டிவியை இயக்குவதை இந்தக் குறியீடு தடுக்கிறது.

அகச்சிவப்பில் அத்தகைய பூட்டு எதுவும் இல்லை. எதிரில் நின்று சரியான குறியீட்டை அனுப்பும் எவரும் டிவியை அணைக்கலாம். உணவகங்களிலும் காத்திருப்பு அறைகளிலும் உள்ள டிவிகளை அணைப்பதற்கென்றே 2004-ல் அமெரிக்காவில் 'டிவி-பி-கான்' என்ற சாவிக்கொத்து ரிமோட் விற்பனைக்கு வந்தது. மருத்துவமனையிலோ, பேருந்து நிலையத்திலோ செல்போனைக் கொண்டு இவ்வாறு விளையாடுவது பிறருக்கு இடையூறு.

வைஃபை முறையில் மற்றொரு நன்மை தட்டச்சு. டிவி திரையில் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து படத்தின் பெயரை உள்ளிடுவதற்கு மாறாக, இச்செயலிகள் பலவற்றில் செல்போனின் விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்துவிடலாம். அதேவேளை, மின்தடையின்போது டிவி இன்வெர்ட்டரில் இயங்கினாலும், வைஃபை ரூட்டர் அணைந்துவிட்டால் இந்த ரிமோட்டும் நின்றுவிடும்.

ரிமோட் தொலைந்து, வைஃபையும் மாறிவிட்டால்?

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். வீடு மாறியதாலோ, இணைய நிறுவனத்தை மாற்றியதாலோ வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறியிருக்கும். டிவி பழைய வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கும். புதிய வைஃபையில் இணைக்க ரிமோட் வேண்டும். செல்போனை ரிமோட்டாக்க டிவி வைஃபையில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து வெளிவர எளிய வழி உண்டு. வீட்டிலுள்ள மற்றொரு செல்போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் அப்படியே சூட்ட வேண்டும். டிவி அதையே பழைய வைஃபை எனக் கருதி இணைந்துகொள்ளும். ரிமோட் செயலி உள்ள செல்போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் டிவி கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். பின்னர் டிவியின் அமைப்புகளில் புதிய வைஃபையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய விவரங்கள் நினைவில் இல்லாதவர்கள், டிவியின் யுஎஸ்பி துளையில் கணினி மவுஸைச் செருகிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றில் திரையில் அம்புக்குறி தோன்றும். டிவியின் அடிவிளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள பொத்தானும் அவசரத்துக்கு உதவும்.

ஏசியில் கவனம் தேவை

அகச்சிவப்பு ஒருவழிப் பாதை. செல்போன் கட்டளையை அனுப்பும். கருவி அதைப் பெற்றுக்கொண்டதா என்ற பதில் திரும்பி வராது. டிவியில் இது பெரிய குறையல்ல, ஏனெனில் விளைவு கண்ணெதிரே தெரிகிறது. ஏசியில் நிலைமை வேறு.

டிவி ரிமோட், அழுத்தப்பட்ட பொத்தானுக்கான கட்டளையை மட்டும் அனுப்புகிறது. பெரும்பாலான ஏசி ரிமோட்டுகளோ ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, இயக்க முறை, காற்றின் வேகம் என முழு நிலவரத்தையும் ஒருசேர அனுப்புகின்றன. ரிமோட்டின் திரையில் தெரியும் எண், ஏசியிடமிருந்து வந்த தகவல் அல்ல. ரிமோட் கடைசியாக நினைவில் வைத்திருப்பது மட்டுமே. எனவே, பழைய ரிமோட்டில் ஒருவர் 18 டிகிரி வைத்திருக்க, செல்போன் செயலி 26 டிகிரி எனக் காட்டிக்கொண்டிருப்பது நிகழக்கூடியதே. செயலியில் காற்றின் வேகத்தை மட்டும் மாற்ற எண்ணிப் பொத்தானை அழுத்தினால், வெப்பநிலையும் சேர்ந்தே மாறிவிடும்.

பச்சிளம் குழந்தையோ, படுக்கையில் இருக்கும் முதியவரோ உறங்கும் அறையில் இந்த வேறுபாடு அற்பமானதல்ல. செயலியில் மாற்றம் செய்தவுடன் ஏசியிலிருந்து 'பீப்' ஒலி எழுந்ததா, அதன் முகப்பில் எண் மாறியதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஒரே அறைக்கு ஒரே ரிமோட்டைப் பயன்படுத்துவதும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளில் 24 டிகிரியே தொடக்க வெப்பநிலையாக இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. செல்போன் செயலியில் ஏசியை அமைக்கும்போது, அது எந்த வெப்பநிலையில் தொடங்குகிறது என்பதைப் பார்ப்பது மின்கட்டணத்துக்கும் நல்லது.

வெளியூரிலிருந்து இயக்கலாமா?

அகச்சிவப்பு சுவரை ஊடுருவாது. அறையை விட்டு வெளியேறினால் செல்போன் ரிமோட் பயன்படாது. இக்குறையைப் போக்க, 'ஸ்மார்ட் ஐஆர்' எனப்படும் சிறிய கருவிகள் சந்தையில் உள்ளன. அறையில் வைக்கப்படும் இக்கருவி, செல்போனிடமிருந்து வைஃபை வழியாகக் கட்டளையைப் பெற்று, அகச்சிவப்பாக மாற்றி உமிழ்கிறது. இதனால் ஐஆர் பிளாஸ்டர் இல்லாத செல்போனாலும் பழைய டிவி, ஏசி ஆகியவற்றை இயக்கலாம். இவற்றில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதை அமைக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால், இங்கும் கடைசிப் பகுதி ஒருவழிப் பாதையே. 'அணைக்கப்பட்டது' எனச் செயலி காட்டினாலும், இடையில் திரைச்சீலை மறைத்திருந்தால் ஏசி இயங்கிக்கொண்டே இருக்கலாம். பல டிவிகளில் இயக்குவதற்கும் அணைப்பதற்கும் ஒரே குறியீடு என்பதால், அணைக்க எண்ணி அழுத்தியது அணைந்திருந்த டிவியை இயக்கிவிடவும் கூடும். வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பயன்படும் அறை ஹீட்டர் போன்றவற்றை, அருகில் ஆள் இல்லாதபோது இம்முறையில் இயக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

செல்போனால் இயலாதவை

வானொலி அலையில் இயங்கும் ரிமோட்டுகளைச் செல்போனால் நகலெடுக்க இயலாது. கார் சாவி, தானியங்கி வாயிற்கதவு, சில வகை மின்விசிறிகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அந்த அலைவரிசையில் ஒலிபரப்பும் உறுப்பு செல்போன்களில் இல்லை. மின்சாரச் சிக்கனத்துக்காக வாங்கப்படும் பிஎல்டிசி மின்விசிறிகள் பலவற்றின் ரிமோட்டுகள் அகச்சிவப்பில் இயங்குபவை; அவற்றுக்குச் செல்போன் உதவக்கூடும். இங்கும் கேமராச் சோதனையே விடை தரும்.

செயலியில் எச்சரிக்கை

ரிமோட் செயலி கேட்கும் அனுமதிகளைக் கொண்டே அதன் நோக்கத்தை எடைபோடலாம். அகச்சிவப்பை மட்டும் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு செயலி, அதற்கெனத் தனியாக அனுமதி கேட்பதில்லை. வைஃபை செயலி, அருகிலுள்ள கருவிகளைக் கண்டறியவும், குரல்வழித் தேடலுக்கு மைக்கைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்பது இயல்பு. ஆனால், தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அழைப்பு விவரங்கள், புகைப்படங்கள் ஆகியவை டிவியின் சேனலை மாற்றத் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் செயலியை நீக்கிவிடுவதே நன்று. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை நிறுவுவதும், ரிமோட் சரிசெய்து தருவதாகக் கூறி அழைப்போர் சொற்படி திரையைப் பகிரும் செயலிகளை நிறுவுவதும் வங்கிக் கணக்குக்கே ஆபத்தாக முடியலாம். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

செல்போனை விற்கும் முன்னர் டிவியின் அமைப்புகளில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்குவதும், வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அங்குள்ள டிவியிலிருந்து கணக்கை வெளியேற்றுவதும் அவசியம்.

வீட்டில் உள்ள அனைவருக்குமானதா?

ஒருவரின் செல்போன் ரிமோட்டாக மாறிவிட்டால், அவர் வெளியே சென்றதும் வீட்டிலுள்ளவர்களுக்கு ரிமோட் இல்லாமல் போகிறது. செல்போன் பழக்கமில்லாத முதியவர் தனியே இருக்கும் வீட்டில் இது பெருஞ்சிரமம். விரலால் தடவியே பொத்தானை உணரும் வசதி தொடுதிரையில் இல்லை. மறுபுறம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு செல்போனின் திரைவாசிப்பு வசதியும் குரல்வழித் தேடலும் சாதாரண ரிமோட்டைவிடக் கூடுதல் துணையாகலாம். வீட்டில் இருப்போர் யார் என்பதைப் பொறுத்தே எது ஏற்றது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

பயன்படாமல் கிடக்கும் பழைய செல்போனில் ஐஆர் பிளாஸ்டர் இருந்தால், சிம் கார்டு இல்லாமலேயே அதை வீட்டின் பொது ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம். அசல் ரிமோட்டுகள் நல்ல நிலையில் இருக்கும்போதே செல்போனில் ரிமோட்டை அமைத்துச் சோதித்து வைப்பதும், ஏசி, டிவி ஆகியவற்றின் மாடல் எண்களைப் படமெடுத்துச் சேமிப்பதும் சில நிமிட வேலைதான். நள்ளிரவில் ரிமோட் காணாமல் போகும் நாளில் அந்தச் சில நிமிடங்களின் அருமை புரியும்.